செத்தவன் திரும்பி வந்த அமாவாசை

ஆங்கிலம் தெரியாமல் ஆங்கிலத்தை வைத்துப் பிழைத்தவன் நான். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு மாடி அறையில், ஆறு மெஷின்களோடு நடந்துகொண்டிருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் எனக்கு வாத்தியார் வேலை. கண் காகிதத்தில் இருக்கும், விரல் எழுத்துக்கட்டையில் ஓடும், நடுவில் மூளைக்கு எந்த வேலையும் கிடையாது. 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்று ஆயிரம் தடவையாவது அடித்திருப்பேன். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. கடிதம் முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான்.

ஊர் அப்படி நினைக்கவில்லை. இவ்வளவு வேகமாக இவன் கையிலிருந்து ஆங்கிலம் கொட்டுகிறதென்றால் உள்ளே மூட்டை மூட்டையாக இருக்க வேண்டும் என்று நினைத்தது. நானும் மறுக்கவில்லை. யாராவது தந்தியைக் கொண்டுவந்து நீட்டினால், முகத்தைக் கொஞ்சம் கவலையாக வைத்துக்கொண்டு, "பக்கத்துல போஸ்ட் மாஸ்டர்கிட்டயும் ஒருதரம் காட்டிடுங்க" என்று அனுப்பிவிடுவேன். கெட்டிக்காரத்தனம் என்றால் எனக்கு அப்போது அதுதான்.

இந்தப் புளுகு என் கல்யாணத்தில் வந்து நின்றது. மாமா எனக்கு ஒரு பெண் பார்த்திருந்தார். பெண்ணின் அப்பாவுக்கு வீட்டிலேயே மூன்று தறி. வெளியூர் ஜவுளிக்காரர்களிடமிருந்து அவருக்கு வரும் கடிதமெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். ஒருமுறை கடிதத்தைப் படித்துச் சொன்ன ஆள், தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லி, மாம்பழ நிற உடலுக்குப் பச்சைக் கரை என்பதைப் பச்சை உடலுக்கு மாம்பழக் கரை என்று மாற்றிவிட்டானாம். அவரும் அப்படியே நெய்து அனுப்பி, சேலை அனுப்பிய சுருக்கில் திரும்பி வந்ததாம். அன்றைக்குச் சபதம் போட்டிருக்கிறார், வரும் மாப்பிள்ளைக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்று. மாமா கொஞ்சமும் கூசாமல், எங்கள் பையன் தூக்கத்தில் உளறினால்கூட ஆங்கிலத்தில்தான் உளறுவான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

பெண் பார்க்கப் போனேன். மற்றப் பெண்கள் தரையைப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவள் என்னை நேராகப் பார்த்தாள். பிறகு காபி டம்ளரைப் பிடித்திருந்த என் விரல்களைப் பார்த்தாள். அவை தாமாகவே டம்ளர்மேல் டைப் அடித்துக்கொண்டிருந்தன. அவள் உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனது. அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. வேறு யாரையும் கட்டிக்கொள்ள முடியாது என்று தோன்றிவிட்டது. வீடு திரும்பும் வழியில்தான் பயம் வந்தது. ஒருவன் தெரியாத ஆங்கிலத்தைத் தெரிந்ததாகச் சொல்லி ஏமாற்றிய வீட்டில், இரண்டாவது ஆளாக நான் நுழையப் பார்க்கிறேன்.

யோசித்துச் சொல்கிறோம் என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள். அவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது அமாவாசை வந்தது.

எங்கள் ஊரில் அமாவாசை அன்று தறி ஓடாது. நெசவாளிக்கு மாதத்தில் நிச்சயமாகக் கிடைக்கும் ஓய்வு அதுதான். தலைமுழுகி, படையல் போட்டு, சாப்பிட்டு, மத்தியானம் சினிமாவுக்குப் போவது வழக்கம். அதனால் சினிமாக் கொட்டகையில் அமாவாசைப் பகல் காட்சி என்றால் திருவிழா. அன்றைக்குப் பார்த்து, வரவேண்டிய தமிழ்ப் படத்தின் பெட்டி வரவில்லை. கொட்டகை மேனேஜரிடம் இருந்தது ஒரு பழைய ஆங்கிலப் படம் மட்டும். சினிமா பேச ஆரம்பித்த புதிதில் எடுத்தது. என் அப்பாவுக்கு மீசை முளைப்பதற்கு முன்னால் வந்ததாக இருக்கும். துப்பாக்கி, கொள்ளை, தொப்பி போட்ட ரவுடிகள். எப்படியோ வேறொரு பெட்டியோடு சேர்ந்து வந்து, திருப்பி அனுப்பப்படாமல் கிடந்தது.

இதைப் போட்டால் பெஞ்சை உடைப்பார்கள், போடாவிட்டால் கொட்டகையையே உடைப்பார்கள் என்று மேனேஜர் கணக்குப் போட்டார். ஊமைப்படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்று கதை சொல்வாராம். அது அவருக்கு நினைவு வந்துவிட்டது. காலை ஒன்பது மணிக்கு இன்ஸ்டிட்யூட் மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறி வந்தார். மைக் வைத்திருக்கிறேன், நீங்கள் ஆங்கிலத்தைக் கேட்டுத் தமிழில் சொன்னால் போதும் என்றார். உடம்பு சரியில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், வரும் வழியில் பெண்ணின் அப்பாவைப் பார்த்ததாகவும், 'உங்கள் மாப்பிள்ளைதான் இன்று பேசப்போகிறார்' என்று சொன்னதாகவும், அவர் குடும்பத்தோடு வருவதாகவும் சொன்னார். உடம்பு சரியாகிவிட்டது.

பகல் காட்சிக்கு நிற்க இடமில்லை. திரைக்கு இடப்பக்கம், முதல் பெஞ்சை ஒட்டி ஒரு ஸ்டூல், எனக்கு முன்னால் மைக். பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் பக்கத்தில் முதல் பெஞ்சிலேயே அவள் அப்பா, திருநீறு கலையாமல், கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சைக்கு மேற்பார்வை பார்க்க வந்தவர் போல இருந்தார்.

படம் ஆரம்பித்தது. ஒலி, கடலை வறுக்கிற சத்தம். அதற்கு நடுவில் ரவுடிகள் மூக்கால் கடகடவென்று பேசினார்கள். எனக்கு 'யெஸ்' புரிந்தது, 'நோ' புரிந்தது, ஒருமுறை 'டியர் சார்' என்று காதில் விழுந்ததுபோல் இருந்தது. நல்லவேளையாக, லாரியில் பீப்பாய் பீப்பாயாக எதையோ ஒளித்து ஏற்றினார்கள், போலீஸ் துரத்தியது. அப்போது நம் ஊரிலும் மதுவிலக்கு. நான் வாயைத் திறப்பதற்குள் தரை டிக்கெட்டிலிருந்து ஒருவர், "சாராயம்பா" என்றார். "ஆம், அந்த நாட்டிலும் மதுவிலக்கு" என்று நான் மைக்கில் கம்பீரமாக உறுதி செய்தேன். பிறகு வண்டி தானாக ஓடியது. ஒரு ஏழைப் பையன், அவனுக்கு ஒரு உயிர் நண்பன், இருவரும் சாராயக் கூட்டத்தில் சேருகிறார்கள். கண்ணால் பார்த்ததைச் சொன்னேன். வசனத்துக்கு நம் ஊர்ப் படங்களில் கேட்ட வசனமெல்லாம் கைகொடுத்தன.

கொட்டகையில் ஒரே ஒரு புரொஜெக்டர். ஒரு ரீல் முடிந்தால் விளக்குப் போட்டு, அடுத்த ரீலை மாட்டுவார்கள். மூன்றாவது ரீல் முடிந்து அடுத்தது ஓடியதும் ஏழைப் பையன் திடீரென்று மாளிகையில் இருந்தான். இடது புருவத்தில் ஒரு தழும்பு வேறு. நண்பனைக் காணோம். கூடவே அழகான ஒரு பெண். "பத்து வருஷம் ஓடிவிட்டது" என்றேன். நண்பன் எங்கே என்று யாரோ கேட்டார்கள். "ஊருக்குப் போயிருக்கிறான்" என்றேன். இப்படியே மூன்று ரீல் போனது. கடைசியில் தொப்பிக்காரர்கள் நாலு பேர் அவனை மழையில் ஒரு படிக்கட்டில் வைத்துச் சுட்டார்கள். அந்தப் பெண் அவன்மேல் விழுந்து கதறினாள். பெண்கள் பக்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. 'தி எண்ட்' என்று எழுத்தும் வந்தது. நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். விளக்குப் போட்டார்கள். ஜனமும் எழுந்தது.

அப்போது மறுபடி விளக்கு அணைந்தது. திரையில் செத்தவன் கண்ணாடி முன் நின்று டை கட்டிக்கொண்டிருந்தான்.

என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. ஆபரேட்டருக்குச் சொந்த ஊர் முசரவாக்கம். அப்பாவுக்குப் படையல் போட்டுவிட்டு சைக்கிளில் ஓடி வந்திருக்கிறார். ரீல் டப்பாக்களின் மேல் ஒட்டியிருந்த நம்பர் தாள்கள் ஈரத்தில் உரிந்து போயிருந்தன. குத்துமதிப்பாக மாட்டியதில், நடுவில் வரவேண்டிய இரண்டு ரீல் மிஞ்சிவிட்டது. மிஞ்சியதை வீணாக்குவானேன் என்று கடைசியில் ஓட்டிவிட்டார்.

ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு இதெல்லாம் தெரியாது. கொட்டகையே என்னைத் திரும்பிப் பார்த்தது. பெண்ணின் அப்பா கட்டிய கையை அவிழ்த்தார். தரை டிக்கெட்டிலிருந்து அதே குரல், தெய்வம் போல வந்தது: "ரெட்ட வேசம்பா."

நான் பாய்ந்து பிடித்துக்கொண்டேன். "பெரியோர்களே, இதுவரை பார்த்தது அண்ணன் கதை. அண்ணன் கதை முடிந்தது. இதோ வருகிறான் தம்பி. இரட்டைப் பிறவி. பட்டாளத்திலிருந்து செய்தி கேட்டு வந்திருக்கிறான்."

விசில் பறந்தது. எழுந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஆனால் அடுத்த காட்சியில் படிக்கட்டில் கதறிய அதே பெண் வந்து, புதிதாகப் பார்ப்பதுபோல் இவனிடம் கை குலுக்கிச் சிரித்தாள். பெண்கள் பக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "இவள் அவளுடைய தங்கை" என்றேன். நண்பன் வந்தான்; ஊரிலிருந்து திரும்பிவிட்டான் என்றேன். பொய் சொல்வது இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கடைசி ரீலில் எதிரிக் கூட்டம் நண்பனைக் கொன்றது. இவன் நெற்றியில் பாட்டிலால் அடித்தார்கள். இவன் ரத்தம் வழிய எழுந்து, அந்தக் கூட்டத்துத் தலைவனைத் தேடிப் போய்ச் சுட்டான். நான் தொண்டை கிழியக் கத்தினேன்: "அண்ணா, உன் ரத்தத்துக்குப் பதில் சொல்லிவிட்டேன்." ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. ஒரு டிக்கெட்டில் இரண்டு படம் பார்த்த சந்தோஷம். மறுபடி எப்போது போடுவீர்கள் என்று மேனேஜரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்று அவர் அங்கேயே அறிவித்துவிட்டார்.

வெளியே சோடாக் கடை அருகில் பெண்ணின் அப்பா என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது. பீடிப் புகையாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பின்னால் போன அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சிரிப்பு இல்லை.

மறுநாள் அவள் தன் அத்தையோடு இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தாள். அப்பா ஒரு முகவரியை டைப் அடித்து வாங்கிவரச் சொன்னாராம். அத்தை படியேறிய களைப்பில் வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஆறு மெஷினும் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தின் மறைவில் அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அவன் தம்பி கெடையாது. ஒரே ஆளு."

நான் காகிதத்தை உருளையில் ஏற்றுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"பாட்டில்ல அடிச்சாங்களே, எடது புருவத்துல. செத்தவனுக்கும் அங்கதான் தழும்பு இருந்துச்சி. ரெட்டையா பொறந்தா மூஞ்சி ஒண்ணா இருக்கும், தழும்புமா ஒண்ணா இருக்கும்? கடைசியா ஓட்டுன ரெண்டும் நடுவுல வரணும்."

அவள் வீட்டில் அவளுக்கு வேலை பாவு பிணைப்பது. தறியில் பழைய பாவு முடியும்போது, அதன் ஒவ்வொரு இழை நுனியோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து முறுக்கவேண்டும். ஆயிரக்கணக்கான இழை. ஒன்று இடம் மாறினாலும் சேலையில் தெரியும். அப்படிப்பட்ட கண்ணுக்கு முன்னால் நான் இரண்டு ரீலை மறைக்கப் பார்த்திருக்கிறேன்.

"இங்கிலீசு தெரிஞ்சவருக்கு இது தெரிஞ்சிருக்கும்" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நான் சொல்லமாட்டேன். நீங்களே அப்பாகிட்ட சொல்லிடுங்க. எனக்கு… நீங்க வந்தா பரவால்லன்னுதான் இருக்குது. ஆனா அவர இன்னொரு தரம் ஒருத்தர் ஏமாத்தறத நான் பாத்துக்கினு இருக்க முடியாது" என்றாள்.

மெஷின்கள் எப்போது நின்றன என்று தெரியவில்லை. ஆறு மாணவர்களும் கண் காகிதத்தில், காது எங்கள் பக்கம். நான் ஒரு அதட்டுப் போட்டேன். அவள் முகவரியை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் அவளை இழப்பேன், சொல்லாவிட்டாலும் இழப்பேன். இரண்டில் சொல்லி இழப்பது மேல் என்று முடிவுக்கு வர விடிந்துவிட்டது.

நான் போனபோது அவள் அப்பா தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். நான் நின்றபடியே ஆரம்பித்தேன். எனக்கு ஆங்கிலம் தெரியாது, அடிக்க மட்டும்தான் தெரியும் என்றேன். அவர் கை நிற்கவில்லை. மாமா சொன்னதெல்லாம் பொய் என்றேன். ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டே இருந்தது. அமாவாசை அன்று சொன்னதும் என் கைச்சரக்கு, ரீல் மாறிப்போனதால் வந்த குளறுபடி, தம்பி என்று ஒருவனே படத்தில் இல்லை என்றேன். நாடா நின்றது.

"தம்பி இல்லியா?"

"இல்லீங்க."

திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் பேசியபோது பேச்சு வேறெங்கோ போனது. அவருக்கு ஒரு அண்ணன், இதே தெருவில் கடைசி வீடு. வாலிபத்தில் இருவரும் ஒரே தறியில் உட்கார்ந்தவர்கள். அண்ணன் உடலை நெய்வார், இவர் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா போடுவார். ஒரு முகூர்த்தச் சேலையில் உடலும் கரையும் சேரும் இடத்தில் ஒரு முழத்துக்குப் பிசகு வந்துவிட்டது. உன் கை பிசகு என்று அவர், இல்லை உன் கை என்று இவர். அதோடு தறியும் பேச்சும் பிரிந்து பன்னிரண்டு வருஷம்.

"படம் வுட்டதும் வூட்டுக்கு வரல நானு. நேரா அவரு வூட்டுக்குப் போனேன். அண்ணி ஒண்ணும் கேக்கல, எல போட்டாங்க. எங்க அண்ணன் எதிர்ல குந்திக்கினு நான் துண்றதயே பாத்துக்கினு இருந்தாரு." தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழம அவர இட்டுக்கினு வர்றேன்னு சொல்லிக்கிறேன். அண்ணன் செத்தா தம்பி வந்து நிக்கிற படம்னு சொல்லிக்கிறேன். அதுல தம்பி இருக்கணும் வாத்தியாரே."

என் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரும் சொல்லவில்லை. நாடாவை எடுத்துக்கொண்டார். வெளியே வரும்போது கூடத்துக் கதவு மறைவில் அவள் நிற்பது தெரிந்தது. அவள் முகத்தைப் பார்க்காமலே வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியமே ஆபரேட்டர் அறைக்கு ஏறினேன். அவர் டப்பாக்களுக்குப் புது நம்பர் ஒட்டி, சரியான வரிசையில் அடுக்கி வைத்திருந்தார். தப்பாகவே ஓட்டுங்கள் என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தொழில் தெரியாதவன் என்று ஊர் பேசாதா என்று கேட்டார். அண்ணன் தம்பி கதையைச் சொன்னேன். காது கொடுத்துக் கேட்டார். நாலாவது, ஐந்தாவது டப்பாக்களை எடுத்து அடுக்கின் அடியில் வைத்தார்.

சாயங்காலக் காட்சிக்கு முதல் பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் கொஞ்சம் கூன் விழுந்தவர். நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். நான் பேச ஆரம்பித்தேன். சொல்லில் முந்தின தடவை இருந்த துள்ளல் இல்லை. சிரிப்புக் காட்டவும் மனம் வரவில்லை. படிக்கட்டில் அவன் செத்தான். எழுத்து வந்தது, விளக்கு எரிந்தது. ஏற்கெனவே பார்த்தவர்கள் யாரும் எழவில்லை. எழுந்த புதியவர்களைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். "அண்ணன் கதை முடிந்தது. தம்பி வருகிறான்" என்றேன். பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். எல்லாம் தெரிந்தவள், திரையை விட்டுவிட்டு முதல் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பியின் முதல் ரீல் முடிந்து, அடுத்ததை மாட்டுவதற்கு விளக்குப் போட்டார்கள். நடுவில் இருந்த இடம் இப்போது இல்லை. அண்ணன் சாய்ந்து தம்பியிடம் ஏதோ கேட்க வந்தார். ஆயுசு முழுக்கத் தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். மைக் அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அதை நான் அணைக்க மறந்திருந்தேன்.

"நல்லாத்தான் சொல்றான். யாருடா அந்தப் புள்ள?" என்று கொட்டகை முழுவதும் கேட்டது.

அவள் அப்பா என்னைப் பார்க்கவில்லை. அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டு, "நம்ம வூட்டு மாப்பிள்ளண்ணே. தட்டு மாத்தறதுக்கு நீதான் முன்னாடி நிக்கணும்" என்றார்.